கொடியா, செடியா, கீரையா?

புழல் ஏரியைச் சுற்றிக் கால்வாய், மடை, தாழ்வான காலிமனை என்று தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் ஆள் உயரத்துக்கு ஒரு புதர் மண்டிக் கிடக்கும். இளஞ்சிவப்பில் புனல் வடிவப் பூ. நுனி கூர்ந்த நீண்ட இதய வடிவ இலை. ஒடித்தால் பால் வடியும். நெய்வேலிக் காட்டாமணக்கு என்பது ஊர் வழக்கு. ஆமணக்குக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. நெய்வேலிக்கே இது வந்தேறிதான். பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. வெட்டிப் போட்ட தண்டு ஈரமண்ணைத் தொட்டால் போதும், கணுவில் வேர் விட்டுவிடும். தூர்வாரும் பொக்லைன் போன பிறகு வரும் மழையிலேயே கரை மறுபடி பச்சையாகிவிடுவது அதனால்தான்.

அந்தப் புதருக்குக் கீழே, ஆழம் குறைந்த தண்ணீரில், வள்ளைக்கீரை படர்ந்திருக்கும். தண்டு முழுக்க உள்ளீடற்றது. காற்று நிறைந்த அந்தத் தண்டு மிதக்கிறது; கணுவுக்குக் கணு வேரை நீருக்குள் தொங்கவிடுகிறது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் கங்கோங் என்று பூண்டு தட்டிப் போட்டு வதக்கிச் சாப்பிடுவது இதைத்தான். நம் ஊரில் இதைக் கீரையாக மதிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். சாக்கடை கலக்கும் குட்டைகளில் இது செழிப்பாக வளர்வதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தயக்கம் வருவது நியாயமே.

இனி கிழக்கே, எண்ணூருக்கு வடக்கில் காட்டுப்பள்ளிப் பக்கம் எஞ்சியிருக்கும் மணல்மேட்டுக்குப் போகலாம். திருவொற்றியூர்க் கரையில் மணலைக் கடல் அரித்து, இப்போது கருங்கல் தடுப்பே நீண்டு கிடக்கிறது. அங்கே நான் சொல்லும் கொடியைத் தேடி அலைய வேண்டியிருக்கும். மணல் இருக்கும் இடத்தில் அடும்பு இருக்கும். அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள். ஆட்டுக் குளம்புபோல் நுனி பிளந்த இலை, ஊதாப் பூ. பல மீட்டர் நீளத்துக்கு மணல்மேல் ஓடி, கணுக்கள்தோறும் வேர்விட்டு, காற்று வாரிக்கொண்டு போகும் மணலைப் பிடித்து நிறுத்தும். சங்க காலத்து நெய்தல் பாடல்களில் இடம்பிடித்த கொடி இது.

நான்காவதைத் தேடி எங்கும் போக வேண்டாம். காய்கறிக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

புதர், நீரில் மிதக்கும் கீரை, மணலில் ஓடும் கொடி, மண்ணுக்குள் கிழங்கு. நான்கும் ஐப்போமியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை; தாவரவியலில் அண்ணன் தம்பிகள். பள்ளிப் புத்தகம் தாவரத்தின் வளரியல்பைச் சிறுசெடி, புதர், மரம், கொடி என்று பிரிக்கும்போது, படிக்கும் பிள்ளைக்கு அவை நான்கு சாதிகள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி எதுவும் இல்லை. வளரியல்பு என்பது ஒரு செடி பிழைப்புக்காகத் தேர்ந்துகொண்ட வழி. தண்ணீர் நின்றால் ஒருவகை, மணல் ஓடினால் ஒருவகை. பரம்பரையை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

வள்ளைக்கீரை விதையை ஒரு தொட்டியில் போட்டுப் பாருங்கள். முதலில் வெளிவருவது நாம் அறிந்த நீண்ட இலை இல்லை. இரண்டு வித்திலைகள் வரும். ஒவ்வொன்றும் நடுவில் ஆழமாகப் பிளந்து, இரு கால்களையும் அகற்றி வைத்ததுபோல் இருக்கும். அடும்பின் நாற்றும் இப்படித்தான். நெய்வேலிக் காட்டாமணக்கின் நாற்றும், அரிதாக விதையிலிருந்து முளைக்கும் சர்க்கரைவள்ளியும் அப்படியே. வளர்ந்தபின் ஆளுக்கொரு உருவம் எடுத்தாலும் பிறந்த முகம் ஒன்று.

அந்த இரண்டு வித்திலைகள்தான் இருவித்திலைத் தாவரம் என்ற பெயருக்கே அடிப்படை. புளியங்கொட்டையை ஊறவைத்துத் தோலுரித்தால் இரண்டாகப் பிளக்கிறதே, அந்த இரு பாதிகளும் வித்திலைகள். உளுந்தை உடைத்த பருப்பு, கடலைப் பருப்பு, துவரம் பருப்பு எல்லாம் இப்படிப் பிரிந்த வித்திலைகளே. செங்குன்றத்து நெல் மண்டியில் மூட்டை மூட்டையாக இறங்கும் நெல்லை எப்படி உடைத்தாலும் பருப்பு வராது. அது ஒருவித்திலை, நொய்தான் வரும்.

இந்த வேறுபாட்டை வகைப்பாட்டின் அடித்தளமாக்கியவர் ஜான் ரே என்ற ஆங்கிலேயர். 1682இல் வெளியான நூலில் தொடங்கி, 1703இல் வந்த திருத்திய பதிப்பில் அதை உறுதியாக நிலைநாட்டினார். அவர் காலத்திலேயே சென்னையின் செடிகளும் லண்டன் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், 1690களில் கோட்டையைச் சுற்றிய ஊர்களில் செடிகளைப் பறித்து உலர்த்தி, உள்ளூர்ப் பெயர்களோடும் மருந்துப் பயன்களோடும் அனுப்பினார். லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை விவரித்து ராயல் சொசைட்டியின் இதழில் தொடராக வெளியிட்டார். பெட்டிவர் ரேக்கு நெருக்கமானவர். ரேயின் பெருநூலின் மூன்றாம் தொகுதிக்கு உதவியவர். பிரவுன் அனுப்பிய உலர்செடிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஸ்லோன் தொகுப்பில் இருக்கின்றன. சென்னை ஆட்கள் தங்கள் ஊர்ச் செடிகளுக்கென்று ஒரு முழுக் கையேட்டைக் கையில் எடுக்க 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில்தான் பி.வி. மயூரநாதன் எழுதிய சென்னை நகரப் பூக்கும் தாவரங்கள் பற்றிய நூலை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது.

விதையைப் பிளந்து பார்க்காமலே, வெட்டிய கட்டையை வைத்து இதே எல்லையின் அருகே வந்து சேர்ந்தவர் தொல்காப்பியர். வெளிப்புறம் வைரமாக இருப்பவை புல், உட்புறம் வைரமாக இருப்பவை மரம் என்பது தொல்காப்பியத்தின் மரபியல் தரும் இலக்கணம். புழலிலிருந்து திருவள்ளூர்ப் பக்கம் போகும் சாலைகளில் இன்னும் பனைகள் நிற்கின்றன. ஒரு பனையை அறுத்தால் ஓரத்தில் கருத்த, உளியை மழுங்கடிக்கும் வைரம். நடுவில் நாரும் சோறும். பக்கத்தில் நிற்கும் வேம்பை அறுத்தால் தலைகீழ்: ஓரத்தில் வெளிர்நிறத்தில் மென்மையான பகுதி, நடுவில் செம்பழுப்பு வைரம். தச்சர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொல்காப்பியர் கணக்கில் பனையும் மூங்கிலும் புல். இன்றைய தாவரவியல் கணக்கில் இரண்டும் ஒருவித்திலை. எல்லா இடத்திலும் இந்தப் பொருத்தம் அச்சாக இருக்கும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். ஆனாலும் கண்ணும் அரிவாளும் மட்டும் வைத்துக்கொண்டு எட்டிய இடம் என்று பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

இந்தத் தலைகீழுக்குக் காரணம் கேம்பியம் என்ற மெல்லிய வளையம். இருவித்திலைத் தண்டில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் இந்தச் செல் வரிசை ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கிறது. உட்பக்கம் நீர் கடத்தும் சைலத்தையும், வெளிப்பக்கம் உணவு கடத்தும் புளோயத்தையும் அடுக்குகிறது. பழைய சைலம் உள்ளே தள்ளப்பட்டு, பிசினும் டானினும் ஏறி, நீர் கடத்துவதை நிறுத்தி வைரமாகிறது. பனைக்கு இந்த வளையம் கிடையாது. அதனால்தான் குட்டையாக இருக்கும்போதே அடி பருமனைத் தீர்மானித்துக்கொண்டு, பிறகு உயரம் மட்டும் போடுகிறது. மாஞ்செடியில் ஒட்டுக் கட்ட முடிகிறது, பனையில் முடிவதில்லை என்றால் அதற்கும் இதுவே காரணம். ஒட்டும்போது நாம் பொருத்துவது ஒரு கேம்பியத்தோடு இன்னொரு கேம்பியத்தை.

கேம்பியம் இருந்தால் செடி மரமாகியே தீர வேண்டும் என்றில்லை. 2019 கோடையில் புழல் ஏரி வற்றிப் படுகை வெடித்துக் கிடந்த படங்கள் உலகெங்கும் பரவின. 1876இல் கட்டப்பட்ட, 3,300 மில்லியன் கனஅடி கொள்ளும் ஏரி அது. இப்படி வற்றும் ஏரிப் படுகைகளில் முதலில் முளைக்கும் செடிகளில் ஒன்று செருப்படை. தரையோடு தரையாகச் சப்பிக் கிடக்கும். இலை சுருக்கம் விழுந்து, மயிர் அடர்ந்து, ஒருபக்கம் பெருத்து ஒருபக்கம் சிறுத்து இருக்கும். தண்ணீர் திரும்பி வருவதற்குள் பூத்து, காய்த்து, விதையைச் சேற்றில் விட்டுவிட வேண்டும். அதற்குக் கட்டை வளர்க்கவோ உயரம் போடவோ நேரம் இல்லை. ஏரிக்கரை அரசமரத்துக்கோ எந்த அவசரமும் இல்லை.

இனி இலை.

முதலில் எது ஓர் இலை என்பதில் ஒரு தெளிவு வேண்டும். முருங்கைக்கீரை ஆய்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விளையாட்டாக இராது. நாம் உருவி எடுக்கும் சின்னச் சின்ன வட்டங்கள் இலைகள் அல்ல, சிற்றிலைகள். கிளையோடு ஒட்டியிருக்கும் அந்தப் பெரிய ஈர்க்கு முழுவதும், மூன்று முறை பிரிந்து பிரிந்து, ஒரே இலை. வேப்பிலை என்று அம்மனுக்குச் சாத்துவதிலும் இதே கதை. ஈர்க்கோடு சேர்ந்த கொத்துதான் இலை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இலைக் காம்பு தண்டோடு சேரும் கவட்டில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் இருக்காது.

முருங்கைக்கீரையை மாலையில் வாங்கி, ஆய நேரமில்லாதவர்கள் செய்தித்தாளிலோ துணியிலோ இறுகச் சுற்றி வைத்துவிடுவார்கள். காலையில் உதறினால் சிற்றிலைகள் பொலபொலவென்று தாமாக உதிரும். உள்ளே நடப்பது இதுதான்: ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் உதிர்வதற்கென்றே மென்மையான செல்கள் கொண்ட ஒரு மூட்டு இருக்கிறது. கிளையிலிருந்து வெட்டப்பட்டு, இருட்டில் அடைபட்ட இலை எத்திலீன் வாயுவை வெளியிடுகிறது. பொட்டலத்துக்குள் அது தங்கி, மூட்டுச் செல்களின் சுவரைக் கரைக்கும் நொதிகளைத் தூண்டுகிறது. வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே வாயு. அடுப்படியில் பாட்டிகள் கண்டுபிடித்த இந்த உபாயத்தில் ஒரு பாடப்புத்தக அத்தியாயமே அடங்கியிருக்கிறது. கூட்டிலையால் மரத்துக்கும் லாபம் உண்டு. சின்னப் பரப்பை ஒட்டிய சூடான காற்று எளிதில் விலகிவிடுவதால், சித்திரை வெயிலிலும் சிற்றிலை அதிகம் சூடேறுவதில்லை.

உள்ளமைப்புக்கு நம் பாடப்புத்தகம் சூரியகாந்தி இலையை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தேர்வு எனக்கு உவப்பானதாக இருந்ததில்லை. இருவித்திலைத் தாவரங்களில் இலைத்துளைகள் பெரும்பாலும் கீழ்ப்புறத்தில் இருக்கும் என்று சொல்லிவிட்டு, இரு புறமும் கணிசமாகத் துளை வைத்திருக்கும் ஒரு செடியையா மாதிரியாகக் காட்டுவது? கொல்லையில் நிற்கும் மாமரமே போதும்.

மாவிலையின் கனம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அதற்குள் இருக்கும் அடுக்குகளை மேலிருந்து பார்க்கலாம். முதலில் கியூட்டிகிள் என்ற மெழுகுப் பூச்சு. மாவிலையில் இது தடிமனானது. தோரணம் கட்டி நாலு நாள் ஆனாலும் இலை சட்டென்று சுருளாமல் இருப்பதில் இதற்குப் பங்குண்டு. அதற்குக் கீழே நிறமற்ற புறத்தோல். வெளிச்சத்தைத் தடுக்காமல் உள்ளே விடும். அடுத்து பாலிசேட் செல்கள், நெட்டுக்குத்தாக நெருக்கி நிற்பவை. பசுங்கணிகங்களில் பெரும்பகுதி இங்கேதான். இலையின் மேற்புறம் கரும்பச்சையாகவும் கீழ்ப்புறம் வெளிறியும் இருப்பது இதனால். அதற்கும் கீழே ஒழுங்கற்ற வடிவில், இடைவெளி விட்டு விட்டு நிற்கும் பஞ்சுத் திசு. அந்த இடைவெளிகள் வழியாகத்தான் கரியமிலவாயு உள்ளே பரவுகிறது. கடைசியாகக் கீழ்ப்புறத்தோல், அதில் துளைகள்.

துளைகள் கீழேதான் என்பதற்குச் சோதனைக்கூடம் வேண்டாம். நன்றாகச் சுடவைத்த தண்ணீரில் ஒரு மாவிலையையோ அரசிலையையோ முழுக்குங்கள். இலைக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து வெளியேறும்; குமிழிகள் கீழ்ப்புறத்தில் மட்டும் வரிசை கட்டும். இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால், இலையின் அடியில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டு, செல்லோ டேப்பால் உரித்து, பள்ளி நுண்ணோக்கியில் வையுங்கள். அவரை விதை வடிவில் இரண்டிரண்டாகக் காப்புச் செல்கள் தெரியும். பொட்டாசியம் அயனிகள் உள்ளே வர, பின்னாலேயே நீரும் வர, அவை புடைத்து வளைந்து நடுவில் வாய் திறக்கும். வேர் வறட்சியை உணர்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகும், பொட்டாசியம் வெளியேறும், வாய் மூடும்.

திறந்திருக்கும்போதும் இந்தத் துளைகளின் மொத்தப் பரப்பு இலையில் ஓரிரு விழுக்காடுதான். அந்த ஓரிரு விழுக்காட்டு வழியாகவே வேர் உறிஞ்சிய தண்ணீரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் ஆவியாகிப் போய்விடுகிறது. ஒரு கரியமிலவாயு மூலக்கூறு உள்ளே வருவதற்குப் பல நூறு நீர் மூலக்கூறுகளை விலையாகக் கொடுக்கிறது மாவிலை. ஓர் இலையின் வடிவத்தையோ கனத்தையோ மயிரையோ மெழுகையோ பற்றி எந்தக் கேள்வி கேட்டாலும், பதில் இந்தப் பேரத்தைத் தொடாமல் போகாது.

நரம்புகளைப் பற்றியும் கொஞ்சம். நெல்லின் தாளில் நரம்புகள் இணைகோடுகளாக ஓடுகின்றன. அரசிலையில் வலையாகப் பின்னுகின்றன. அரசிலையைச் சில வாரம் தண்ணீரில் ஊறவிட்டு, அழுகிய பசையை மென்மையாகக் கழுவினால் அந்த வலை மட்டும் மிஞ்சும். அதில் படம் வரைந்து விற்கிறார்கள். வலை எதற்கு? தெருவில் மெட்ரோ பள்ளம் தோண்டினால் சந்து வழியாகச் சுற்றிப் போகிறோமே, அதற்கு. 2010இல் எலெனி கட்டிஃபோரி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது. சேதம் வரும் என்று எதிர்பார்த்து வடிவமைத்தால், வளையங்கள் கொண்ட வலையே சிறந்த அமைப்பாக அமைகிறது. எலுமிச்சை இலையின் நடுநரம்பில் துளையிட்டு ஒளிரும் சாயத்தைச் செலுத்தினார்கள். சாயம் சிறுநரம்புகள் வழியாகத் துளையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கம்பளிப்பூச்சி கடித்த ஓட்டைகளோடு செம்பருத்தி இலை வாடாமல் நிற்பதன் ரகசியமும் இதுவே. அந்தச் செம்பருத்தியின் இலைக்கடியில் அசுவினியும் மாவுப்பூச்சியும் அப்பிக்கொள்வதற்கும் நரம்பின் அமைப்பு ஒரு காரணம்: இலை நரம்பில் சைலம் மேலே, சர்க்கரைச் சாறு ஓடும் புளோயம் கீழே.

வலை நரம்பு என்றாலே இருவித்திலை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. சேம்பு ஒருவித்திலை, அதன் இலையில் வலையைப் பார்க்கலாம். வெற்றிலை, மிளகு, சீத்தா, அல்லி எல்லாவற்றுக்கும் இரண்டு வித்திலைகள்தான். ஆனால் மரபணுக்களை ஒப்பிட்டு 1998இல் வகைப்பாட்டைத் திருத்தியபோது, இவற்றை அசல் இருவித்திலைக் கிளையிலிருந்து தனியே வைக்க வேண்டியதாயிற்று. அவை அதற்கு முன்பே கிளை பிரிந்தவை. ரே போட்ட கோடு முன்னூறு ஆண்டு நின்றதே பெரிய காரியம்.

மாவிலையை மாதிரியாக வைத்துக்கொண்டால், அதிலிருந்து விலகும் இலைகளைப் படிப்பது சுலபம். மிதக்கும் தாமரை இலையின் அடிப்புறம் தண்ணீரில் கிடக்கிறது. அங்கே துளை வைத்துப் பயனில்லை. எல்லாத் துளைகளும் மேற்புறத்தில். மழை நீர் தேங்கினால் அவை அடைபட்டுப்போகும் என்பதால் மேற்புறம் முழுக்க நுண்ணிய மேடுகள், அந்த மேடுகள்மேல் மெழுகுப் படிகங்கள். ஒட்டாமல் உருளும் நீர், தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று பட்டும் படாமலும் இருப்பவர்களைச் சொல்கிறோம். அதன் இயற்பியலை பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் விளக்கியது 1997இல்.

புழல் வழியாக ஆந்திரா போகும் நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு அரளி நிற்கிறது. அதன் இலைத்துளைகள் கீழ்ப்புறத்தில் குழி தோண்டி, குழிக்குள் மயிர்களின் மறைவில் ஒளிந்திருக்கின்றன. மேல்தோலும் பல அடுக்கு. வறண்ட காற்று துளையை நேரடியாகத் தொட முடியாது, நீர் மிச்சமாகிறது. இதே பகுதியில் நிலக்கரித் தூளும் சாம்பலும் இலைமேல் படிவதைத் தினமும் பார்க்கலாம். கீழ்ப்புறத் துளைகள் ஓரளவு தப்பிக்கும். ஆனால் மேலே படிந்த தூசி பாலிசேட் செல்களுக்கு வரும் வெளிச்சத்தை மறைத்துவிடும். நல்ல மழை ஒன்று பெய்துதான் அந்தக் கணக்கு நேராகும்.

வேறொரு தந்திரம் கீரைப் பாத்தியில் இருக்கிறது. முளைக்கீரை, சிறுகீரை போன்ற அமராந்தஸ் இனங்களின் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து லென்ஸில் பார்த்தால், நரம்புகள் சுற்றுப்புறத்தைவிடக் கரும்பச்சையாகத் தெரியும். மாவிலையில் நரம்புகள் வெளிறியே இருக்கும். கீரையில் நரம்பைச் சுற்றி ஓர் உறைபோல் தடித்த செல்கள் நிற்கின்றன. அவற்றுக்குள் பசுங்கணிகங்கள் நெருக்கமாக உள்ளன. வெளியே உள்ள செல்கள் கரியமிலவாயுவைப் பிடித்து நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி இந்த உறைக்குள் அனுப்புகின்றன. உள்ளே அது மீண்டும் வாயுவாகி, அடர்த்தியாகத் தேங்கி, சர்க்கரையாகிறது. 1966இல் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பில் விளக்கிய சி4 வழி இது. துளையை அரைகுறையாகத் திறந்தாலே வேலை நடப்பதால், ஒரே அளவு சர்க்கரைக்கு மாவிலை செலவழிப்பதில் ஏறக்குறைய பாதித் தண்ணீர் போதும். பூக்கும் தாவரங்களில் 3 விழுக்காடு அளவுக்கே இந்த வழி இருக்கிறது. பெரும்பாலானவை புல்லும் கோரையும். இருவித்திலைகளில் சிறுபான்மைதான். ஆனால் அந்தச் சிறுபான்மை நம் காலடியில் இருக்கிறது. நெருஞ்சி, சாரணை, மூக்கிரட்டை, தரைப்பசலை எல்லாம் சி4. கொளுத்தும் வெயிலில் நடைபாதை இடுக்கில் பசேலென்று கிடக்கும் எதையாவது பிடுங்கினால், அது இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, உப்புதான் சிக்கல். சேற்றோரத்து உமரியின் இலை தட்டையாக இல்லாமல் சதை பிடித்து உருண்டிருக்கும். உள்ளே வந்த உப்பை நிறைய நீரில் கரைத்து, செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழியில் பூட்டி வைத்துக்கொள்கிறது. உமரிகளில் ஒன்றான சுவேடா மோனாய்க்கா உப்பையும் சமாளித்து, சி4 வழியையும் கையாள்கிறது.

அதையடுத்து வெண்கண்டல். நாம் பொதுவாக அலையாத்தி என்னும் மரங்களில் எண்ணூரில் பரவலாக இருப்பது இதுவே. உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. தப்பி வந்ததை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. மழையில்லாத நாளில் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். சாய்வெயிலில் படிகங்கள் மினுங்குவதும் தெரியும். மேற்புறம் வழவழப்பு, அடிப்புறம் சாம்பல் வெள்ளையாக அடர்ந்த மயிர், துளைகள் அந்த மயிருக்குள். காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சுவிட, பென்சில் நட்டதுபோல் சுவாச வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்களின் வலையையும் படகையும் அப்பிய அதே கசடு இந்தச் சுவாச வேர்களையும் தாழ்ந்த இலைகளையும் பூசியது. இலையில் ஒட்டியதை மரம் உதிர்த்துவிடலாம். புது இலை வரும். வேரின் மூச்சுத்துளைகளுக்கு அந்த வசதி இல்லை.

வெண்கண்டலின் கட்டையும் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகாது. வேம்புக்கும் மாவுக்கும் ஒரே கேம்பியம் வாழ்நாள் முழுக்க வேலை செய்கிறது. கண்டலில் ஒன்று ஓய்ந்ததும் அதற்கு வெளியே புதிதாக இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று அடுக்கடுக்காக வருகின்றன. சைலமும் புளோயமும் மாறி மாறி அமைகின்றன. பட்டை கிழிந்து ஒரு புளோயம் சிதைந்தாலும் உள்ளே வேறு புளோயம் உண்டு. பீட்ரூட்டைக் குறுக்கே வெட்டினால் தெரியும் அடர்ந்ததும் வெளிறியதுமான வளையங்கள் இதே ஏற்பாடுதான். பீட்ரூட் முளைக்கீரைக்கும் உமரிக்கும் ஒன்றுவிட்ட சொந்தம். இமயமலைத் தேவதாருவின் வளையங்களை எண்ணி வயது சொல்வதுபோல் கண்டல் கட்டையை எண்ணினால் கணக்கு தப்பும். அதன் வளையங்களுக்கும் ஆண்டுக்கும் தொடர்பில்லை. மரம் எவ்வளவு வேகமாகப் பருக்கிறதோ அதைப் பொறுத்து ஓர் ஆண்டுக்குள்ளேயே பல வளையங்கள் விழுந்துவிடும்.